ரீலோட்டுக்குக் காசிருக்கு, லைட் பில்லுக்குக் காசில்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள், வீட்டில் கரண்ட் இருந்தால்.

சிவப்பு நோட்டீஸ் வருகிற கிழமையெல்லாம் ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். "போனுக்கு ரீலோட் போடக் காசிருக்கு, லைட் பில் கட்டக் காசில்லையா?" கீழே சிரிக்கிற முகம் பத்து, கைதட்டல் ஐந்து. பிறகு ஒரு ஹாஜியார் வந்து "உண்மையான பேச்சு தம்பி" என்று எழுதுகிறார். அதோடு தீர்ப்பும் சொல்லியாயிற்று. ஏழைக்குப் பொறுப்பில்லை, ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது, ஏழை ஓசியில் லைட் எரிக்கப் பார்க்கிறான்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லப் போகிறோம். நாங்கள் என்றால், இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள். பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள். எந்த வீட்டில் லைட் வெட்டியிருக்கிறது என்பது கொப்பியைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில், கேட்டவருக்கு நன்றி. ஏனென்றால் அவருடைய கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, அவர்தான் கவனிக்கவில்லை. ரீலோட்டுக்கு ஏன் காசிருக்கிறது? ரீலோட்டை ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் விற்கிறார்கள். முடுக்குக் கடையில் விற்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்கும் விற்கிறார்கள். கையில் காசு வந்த நாளில் போடலாம், வராத நாளில் விடலாம். எவ்வளவு மிச்சம் என்று அந்த நிமிடமே பார்க்கலாம். முடிந்தால் போன் பேசாது, அவ்வளவுதான். யாரும் கேற்றடியில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மீள் இணைப்புக் கட்டணம் என்று தண்டம் கேட்பதுமில்லை. மறுபடி நூறு ரூபாய் போட்டால் மறுபடி பேசும்.

லைட் பில் இதில் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிர். முதலில் எரிக்க வேண்டும், பிறகு மாதத்தில் ஒரு நாள் ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து ஒரு துண்டை நீட்டுவார், அப்போதுதான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியும். கடன் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறோம். மாத பில் என்பது ஒரு மாதக் கடன். கேட்காமலே கொடுக்கப்பட்ட கடன். எவ்வளவு என்று எழுதிக்கொள்ளாமலே வாங்கின கடன். கடனில் மூழ்குவதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடச் சொல்லித் தந்த மார்க்கத்தில் இருக்கிற நாங்கள், கடன்படாமல் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்க விரும்புகிற ஒரு உம்மாவைப் பார்த்து "ரீலோட்டுக்கு மட்டும் காசு" என்று நக்கல் அடிக்கிறோம்.

எங்கட ஊரில் காசு எப்படி வருகிறது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். கரைவலைக்குப் போகிறவருக்கு மீன் பட்ட அன்றுதான் காசு; வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற நாட்களில் கிழமைக்கணக்கில் ஒன்றுமில்லை. மேசன் வேலைக்குப் போகிறவருக்கு நாட்கூலி, சில பாஸ்மார் சனிக்கிழமைதான் கணக்கு முடிப்பார்கள். வயல்காரருக்குப் பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று, வருடத்தில் இரண்டே தடவை. மருதமுனைப் பக்கம் தறியில் இருக்கிறவருக்கு நெய்து முடித்த சாரன் எண்ணிக்கைக்குக் காசு. தையல் மெஷினோடு இருக்கிற ராத்தாவுக்குப் பெருநாளைக்கு முந்திய மாதம் நித்திரையில்லை, பெருநாள் முடிந்த மாதம் நூல் வாங்கவும் யோசனை. கட்டாரிலிருந்து மகன் அனுப்புகிற வீட்டுக்கு மாதத்தில் ஒரு தடவை. எங்களைப் போல அரச சம்பளக்காரருக்கும் மாதத்தில் ஒரு தடவை, திகதி பார்த்து பேங்கில் விழும்.

இத்தனை வகைக் காசுக்கும் பில் ஒரே வகை. அது எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை, சம்பளக்காரனின் சட்டை. கரைவலைக்காரருக்கு அது பொருந்தாவிட்டால் அவருடைய உடம்பில் பிழை என்கிறோம்.

"கிழமைக்குக் கொஞ்சமாக எடுத்து வைத்து மாதக் கடைசியில் கட்டலாம்தானே, சேமிக்கத் தெரியாத சனம்" என்பது அடுத்த பேச்சு. சேமிக்கத் தெரியாதா? ஊரில் எத்தனை சீட்டு ஓடுகிறது என்று சீட்டுப் பிடிக்கிற மாமிகளிடம் கேளுங்கள். நாளுக்கு நூறு, இருநூறு என்று ஒரு நாள் தவறாமல் கொடுக்கிற பெண்கள் இவர்கள்தான். அந்தக் காசு வீட்டில் இருந்தால் மிஞ்சாது என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போகும், மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் டயரோடு போகும், மௌத்து வீடு ஒன்று வந்தால் போகும். அதனால்தான் வீட்டை விட்டு வெளியே, இன்னொருவர் கையில், அன்றன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள். இதுதான் அவர்களுடைய திட்டமிடல். பேங்க் புத்தகத்தில் எழுதாததால் நமக்குக் கண்ணில் படவில்லை.

இதை ஒரு கூட்டம் மிக நன்றாகக் கண்டுகொண்டது: நுண்கடன் கம்பனிகள். ஏன் அவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை தவணை கேட்காமல் கிழமைக்கு ஒரு தடவை வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள்? இந்த வீடுகளில் காசு கிழமைக்கணக்கில்தான் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். வட்டிக்காரனுக்கு விளங்கின விஷயம் மின்சாரம் கொடுக்கிற அரசுக்கு இன்னும் விளங்கவில்லை.

இது புதுப் பழக்கமுமில்லை. கரண்ட் வராத காலத்தில் எங்கட உம்மாமார் வெளிச்சத்துக்கு எப்படிக் காசு கொடுத்தார்கள்? கையில் ஒரு போத்தலைத் தந்து "காக்காட கடையில கால் போத்தல் எண்ணெய் வாங்கிட்டு வா" என்றார்கள். இன்றைக்கு எரிக்கிறதுக்கு இன்றைக்குக் காசு. வெளிச்சத்தின் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால் குப்பி விளக்கு கரண்டை விடப் பல மடங்கு விலை கூடியது, புகை வேறு, நெருப்புப் பயம் வேறு. ஆனாலும் உலகம் முழுக்க ஏழை வீடுகள் அதை விடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம், அதைக் கால் போத்தலாக வாங்கலாம் என்பதுதான். கரண்ட் வந்தது, வெளிச்சம் கூடியது, விலை குறைந்தது, ஆனால் கால் போத்தல் இல்லாமல் போனது. முழுப் பீப்பாயாகத்தான் தருவோம், அதுவும் காசைப் பிறகு மொத்தமாக வாங்குவோம் என்றார்கள்.

பில் நூறு ரூபாயாக இருந்தவரை இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள், எங்கட பிள்ளைகள் செய்கிற கணக்குத்தான். மாதம் 30 யூனிட் எரிக்கிற வீடு, அதாவது மூன்று பல்ப், ஒரு பேன், போன் சார்ஜ், கொஞ்ச நேரம் டீவி. 2022 ஓகஸ்டுக்கு முன் யூனிட்டுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2022 ஓகஸ்டில் யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1300 ரூபா. பேப்பரில் "சராசரியாக 75 வீதம்", "சராசரியாக 66 வீதம்" என்று போட்டார்கள். சராசரி என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மூன்று பல்ப் வீடு ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கட்டியது. பிறகு குறைத்தார்கள், மறுபடி கூட்டினார்கள். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. ஏறி இறங்கினாலும் அந்தப் பழைய 105 ரூபாய் திரும்பி வரவில்லை.

இப்போது அந்த 1300 ரூபாயை 30 நாளால் பிரியுங்கள். நாளுக்கு 43 ரூபா சொச்சம். நாட்கூலிக்குப் போகிற ஒரு வீட்டில் போய் "இன்றைய லைட்டுக்கு 43 ரூபா தாங்க" என்று கேட்டால் பத்தில் ஒன்பது வீடு தரும். அதே வீட்டில் வேலையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய் "1300 தாங்க" என்று கேட்டால் பத்தில் எத்தனை தரும்? வீடும் மனிதனும் கரண்டும் அதேதான், காசு கேட்கிற விதம் மட்டும்தான் வேறு.

2023 இல் மட்டும் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் பில் கட்டாததால் துண்டிக்கப்பட்டன என்று பாராளுமன்றக் குழுவொன்றின் முன் சொல்லப்பட்டது, பத்திரிகைகளிலும் வந்தது. பத்து இலட்சம். அத்தனை வீடும் பொறுப்பில்லாத வீடா? ஒரு பரீட்சையில் வகுப்பே பெயிலானால் நாங்கள் பிள்ளைகளை ஏசுவதில்லை, வினாத்தாளை எடுத்துப் பார்ப்போம்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லாம் எங்களைப் போன்ற, சில இடங்களில் எங்களை விடவும் கஷ்டப்பட்ட நாடுகள்.

கென்யாவில் எம்-கோப்பா என்ற கம்பனி 2012 இல் ஒரு முறையைத் தொடங்கியது. கிராமத்து வீட்டுக்கு ஒரு சின்ன சோலர் தகடு, சில பல்ப், போன் சார்ஜ் பண்ண ஒரு வசதி. முதலில் ஒரு சிறு தொகை, பிறகு நாளுக்கு ஏறக்குறைய 50 ஷில்லிங் வீதம் ஒரு வருடமளவில் போனிலிருந்தே, எம்-பெசா என்ற கைப்பேசிப் பண வழியால் கட்ட வேண்டும். கட்டாத நாளில் லைட் எரியாது, கட்டினால் எரியும். கட்டி முடிந்தால் சாமான் சொந்தம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் கைக்காசுக்கு வாங்குவதை விட விலை கூடத்தான். ஆனாலும் சனம் இலட்சக்கணக்கில் எடுத்தது, ஏனென்றால் நாளாந்தம் மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசைத்தான் அது கேட்டது.

பங்களாதேஷில் 2003 இலிருந்து தவணை முறையில் சோலர் கொடுத்தார்கள். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அப்படிப் போனது. எங்கட நாட்டிலும் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து, லைன் போகாத கிராமங்களில் சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற நிறுவனங்களின் தவணைக் கடனில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சோலர் எடுத்தன. கட்ட முடியாது என்று பேங்குகள் தள்ளிவைத்த சனம்தான் அது.

தென்னாபிரிக்காதான் இதில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு. 1990களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குப் பெருமளவில் மின்சாரம் கொடுத்தபோது பெரும்பாலும் முற்கொடுப்பனவு மீட்டர்தான் பொருத்தினார்கள். முடுக்குக் கடையில் காசு கொடுத்தால் 20 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதை மீட்டரில் அடித்தால் யூனிட் ஏறும். ரீலோட் அட்டை சுரண்டி எண் அடித்த எங்கட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ஆய்வு செய்தவர்கள் கண்டது, வசதி குறைந்த வீடுகள் சிறு சிறு தொகையாக, அடிக்கடி வாங்குகின்றன என்பது. கேப்டவுன் நகரில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை மாத பில்லிலிருந்து முற்கொடுப்பனவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பாவனை ஏறக்குறைய 14 வீதம் குறைந்தது. கரண்ட் குறைவாக விற்றும் நகரசபைக்கு நட்டம் வரவில்லை, காசு முந்தி வந்தது, அறவிடுகிற செலவு குறைந்தது.

இந்த இடத்தில்தான் எங்கட நண்பர்கள் சிலர், தொழிற்சங்கக்காரர்கள், எங்களோடு சண்டைக்கு வருவார்கள். "நீங்கள் ஏழையின் கழுத்தில் சுருக்குப் போடச் சொல்கிறீர்கள். மாத பில்லில் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும், தவணை கேட்கலாம், ஆளைப் பிடித்துப் பேசலாம். முற்கொடுப்பனவு மீட்டருக்கு முன்னால் யாரோடு பேசுவது? இரவு பதினொரு மணிக்குக் காசு முடிந்தால் மெஷின் தானாக வெட்டும். அதைத் துண்டிப்பு என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுத மாட்டார்கள். ஏழை தானே தன் லைட்டை வெட்டிக்கொண்டான் என்று கணக்கு வரும்."

இது சரியான பேச்சு. அந்த 14 வீதத்துக்குள் வீணாக எரிந்த பல்ப் எவ்வளவு, பிள்ளை படிக்காமல் படுத்த இரவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் "சிக்கனம்" என்று மகிழ்வதற்கு நாங்கள் தயாரில்லை. தென்னாபிரிக்காவே இதற்காகத்தான் 2003 அளவில் ஏழை வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. பங்களாதேஷ் நகரங்களில் முற்கொடுப்பனவு மீட்டர் வந்தபோது சனம் முதலில் கத்தியது எதற்காக? ஐந்நூறு டாக்கா போட்டால் டிமாண்ட் சார்ஜ், மீட்டர் வாடகை என்று முதலில் வெட்டிவிட்டு மிச்சத்துக்குத்தான் கரண்ட் ஏறுகிறது என்று. எங்கட நாட்டிலும் அதே நிலையான கட்டணம் இருக்கிறது. நாளைக்கு ரீலோட் மீட்டர் வந்து, மாதம் பிறந்ததும் போடுகிற முதல் நூறு ரூபாயை நிலையான கட்டணம் விழுங்கிவிட்டால், அந்த மீட்டரை நாங்களே எதிர்ப்போம்.

ஆனால் நண்பர்களே, உங்கள் வாதம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மெஷின் வெட்டுவது கொடுமை, ஆகவே மாத பில்லே நல்லது என்றா? மாத பில் முறையில்தான் ஒரே வருடத்தில் பத்து இலட்சம் தடவை வெட்டினார்கள். ஆளைப் பிடித்துப் பேசலாம் என்கிறீர்கள். யாருக்கு ஆள் இருக்கிறது? கந்தோரில் மச்சான் வேலை செய்கிறவருக்கு இருக்கிறது, எங்களைப் போன்ற சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் இருக்கிறது. சிங்களத்தில் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்லத் தெரியாத, மாப்பிள்ளை மௌத்தான ஒரு உம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நாங்கள் கேட்பது தெரிவு. மாத பில் வேண்டியவர் மாத பில்லில் இருக்கட்டும். முந்திக் காசு போட்டு எரிக்க விரும்புகிற வீட்டுக்கு அந்த மீட்டரைக் கொடுங்கள், மீட்டருக்கென்று தனிக்காசு வாங்காமல் கொடுங்கள். நிலையான கட்டணத்தை நாளால் பிரித்து நாளுக்கு இத்தனை ரூபா என்று எடுங்கள், முதல் நாளில் பறிக்க வேண்டாம். இரவில் வெட்ட வேண்டாம், வெள்ளி சனி ஞாயிறு வெட்ட வேண்டாம், சாதாரண தரமும் உயர்தரமும் நடக்கிற நாட்களில் எந்த வீட்டிலும் வெட்ட வேண்டாம். காசு முடிந்தாலும் இரண்டு பல்ப் எரிகிற அளவுக்கு ஒரு அவசரக் கடன் மீட்டரிலேயே இருக்கட்டும், அடுத்த ரீலோட்டில் கழித்துக்கொள்ளட்டும். போன் கம்பனிகள் ஐம்பது ரூபாய்க் கடன் கொடுத்து அடுத்த ரீலோட்டில் எடுக்கின்றன, இது உலகத்தில் இல்லாத வித்தையில்லை. கொழும்புப் பக்கம் லெகோ ஸ்மார்ட் மீட்டர் பொருத்திக்கொண்டு போகிறது. அப்படியான மீட்டர் எங்கட கரைக்கு வரும்போது அது வெட்டுவதற்கு மட்டும் ஸ்மார்ட்டாக வராமல் இருக்க வேண்டுமென்றால் இப்போதே பேச வேண்டும்.

இன்னொரு விஷயம், எங்கட ஊர்களுக்கென்றே உள்ளது. இதைக் கொழும்பில் இருக்கிறவர்கள் பேச மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது தெரியாது.

எங்கட பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கம். சீதனம் சரியா பிழையா என்ற வழக்கை இங்கே திறக்கவில்லை, அது வேறு பதிவு. நடப்பது என்ன? ஒரே வளவுக்குள் முன்வீட்டில் மகளும் மருமகனும், பின்னால் ஒரு பத்தியில் உம்மா வாப்பா, கலியாணம் முடிக்காத அடுத்த மகள். தனி மீட்டர் எடுக்கக் காசும் கடதாசி வேலையும் வேண்டும், அதனால் ஒரே மீட்டர், இரண்டு குடும்பம், இரண்டு அடுப்பு. கட்டணமோ படிக்கட்டு. கூட எரித்தால் யூனிட் விலையே கூடும்; அதுமட்டுமில்லை, 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கும் கூடின விலை. 2022 ஓகஸ்டுக்கு முந்திய விலையில் கணக்குப் பார்ப்போம், அந்த இலக்கங்கள் சின்னது, விளங்க இலகு. 60 யூனிட் எரித்தால் 280 ரூபா 50 சதம். 61 யூனிட் எரித்தால் 571 ரூபா. ஒரே ஒரு யூனிட்டுக்கு இரட்டிப்பு. இரண்டு குடும்பம் தனித்தனி மீட்டரில் 50, 50 யூனிட் எரித்தால் ஆளுக்கு 232 ரூபா, இரண்டும் சேர்த்து 464. அதே இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் 100 யூனிட் எரித்தால் 1528 ரூபா 50 சதம். அதே கரண்ட், அதே ஏழைகள், மூன்று மடங்குக்கு மேல் பில்.

விலைகள் அதற்குப் பிறகு பல தடவை மாறின, படிக்கட்டு மாறவில்லை. வசதியானவனிடம் கூட எடுத்து ஏழைக்குக் குறைத்துக் கொடுக்கத்தான் இந்தப் படிக்கட்டு என்கிறார்கள். கொழும்பில் தனியாக பிளட்டில் இருக்கிற ஒருவர் காலையில் போய் இரவில் வந்து 60 யூனிட்டுக்குள் முடித்து ஏழைக் கணக்கில் வருகிறார். எட்டுப் பேர் இருக்கிற எங்கட வளவு பணக்காரக் கணக்கில் வருகிறது. பில் துண்டில் தலை எண்ணிக்கைக்கு இடமில்லை.

இதன் பின்விளைவு வீட்டுக்குள் நடக்கிறது. யாருடைய பிரிட்ஜ், யாருடைய இஸ்திரிப்பெட்டி என்று உம்மாவுக்கும் மருமகனுக்கும் இடையில் மாதத்துக்கு ஒரு தடவை முகம் கறுக்கிறது. எவ்வளவு எரிகிறது என்று அன்றன்று தெரிகிற மீட்டர் இருந்தால் 55 இல் நிற்கும்போதே இஸ்திரிப்பெட்டியைத் தள்ளி வைக்கலாம். மாதம் முடிந்து துண்டு வந்த பிறகு சண்டை பிடிக்கத்தான் முடியும்.

"இப்பவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம்தானே, யார் தடுத்தது?" என்றும் கேட்பார்கள். ஓம், கட்டலாம். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தையல்கார ராத்தா வெள்ளிக்கிழமை தோறும் 300 ரூபாயைத் தபால் கந்தோரில் கொண்டுபோய்க் கட்டுகிறார். சில மாதம் அவருடைய பில்லில் மைனஸ் போட்டு வரும், அதை எல்லோருக்கும் காட்டுவார். இதை இன்றைக்கே யாரும் செய்யலாம், கணக்கு இலக்கம் எழுதின பழைய பில் ஒன்று போதும். ஆனால் தபால் கந்தோர் பக்கத்தில் இல்லாதவர் 300 ரூபாய் கட்ட ஓட்டோவுக்கு 200 ரூபாய் கொடுக்க வேண்டும். போன் அப்பில் கட்டலாம் என்றால் பல அப்களுக்குப் பேங்க் கார்ட் வேண்டும். ரீலோட் விற்கிற அதே கடையில், அதே கொமிஷனில், நூறு ரூபாயும் எடுக்கிற ஏற்பாடு எல்லா முடுக்கிலும் இருந்தால் அந்த ராத்தாவின் வேலையை ஊரே செய்யும்.

இனி எங்கட பள்ளிவாசல்களுக்கும் ஸகாத் நிதிகளுக்கும் ஒரு வார்த்தை, மரியாதையோடு. லைட் வெட்டின வீடுகளுக்கு உதவுகிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் எப்போது உதவுகிறீர்கள்? வெட்டின பிறகு. நாலு மாத நிலுவை, அதற்கு மேல் மீள் இணைப்புக் கட்டணம், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தொகையான பிறகு, அந்த வீட்டு மனிதர் விண்ணப்பமும் பில்லும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிறகு. அதே தொகையில் வெட்டுவதற்கு முன் நாலு வீட்டுக்குப் பாதிப் பாதி கட்டியிருக்கலாம். வீட்டுக்காரர் கிழமைக்கு 150 கட்டினால் நிதியிலிருந்து 150 என்று ஒரு முறை வைத்துப் பாருங்கள். கை நீட்டுகிற வெட்கமும் குறையும், பாதியைத் தான் கட்டினேன் என்ற மதிப்பும் இருக்கும். போட்டோ எடுத்துப் போடுவதற்கு இதில் ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான்.

கடைசியாக, செய்யப் போகிற வேலை. கட்டணத்தை மாற்றுவதற்கு முன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். எழுத்தில் அனுப்பலாம், நேரில் போயும் பேசலாம், தமிழில் எழுதலாம். ஒவ்வொரு தடவையும் ஹோட்டல்காரர் பேசுகிறார்கள், தொழிற்சாலைக்காரர் பேசுகிறார்கள், கொழும்பு வல்லுநர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்கள். கரைவலைக்காரர் சார்பில், ஒரு வளவில் இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகளின் சார்பில் ஒரு கடிதம் போக வேண்டும். வரைவு எழுதி வைத்திருக்கிறோம், இரண்டு பக்கம். மேலே சொன்ன கோரிக்கைகள்தான்: விரும்பின வீட்டுக்கு முற்கொடுப்பனவு, நாளால் பிரித்த நிலையான கட்டணம், இரவிலும் பரீட்சை நாட்களிலும் துண்டிப்பில்லை, ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்தினால் படிக்கட்டை இரண்டாகக் கணக்கிடுவது.

கடிதத்தோடு இணைக்க உண்மையான பில்கள் வேண்டும். உங்கள் வீட்டின் கடைசி மூன்று மாத பில்லைப் போட்டோக்கொப்பி எடுத்து, பெயரையும் கணக்கு இலக்கத்தையும் கறுப்புப் பேனையால் மறைத்து, பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை குடும்பம், காசு நாளாந்தமா கிழமையா மாதமா போகத்துக்கா வருகிறது. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் போதும், வகுப்பாசிரியர்கள் சேர்த்து வைப்பார்கள். எழுத முடியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பொது நூலகத்துக்கு வாருங்கள், நாங்கள் இருந்து எழுதித் தருகிறோம். ரீலோட் கேள்வி கேட்ட தம்பியும் வரலாம், கையெழுத்து நன்றாக இருந்தால் அவருக்கும் வேலை இருக்கிறது.